நவமணிகளும் கனியங்களும்

நவமணி என்னும் சொல்லைக் கேட்டறியாத தமிழ்க் குடும்பம் இல்லையெனலாம். வைரம், வைடூரியம், முத்து, பவளம், மாணிக்கம், மரகதம், நீலம், கோமேதகம், புட்பராகம் என ஒன்பதையும் ஒரே மூச்சிற் சொல்லும் பாட்டிமார் இன்றும் நம் ஊர்களில் உளர். ஒன்பதையும் ஒரு மோதிரத்திற் பதித்து அணிவோரும் உளர். இவற்றைக் கோள்களுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிட்டுக் கொடுத்த சோதிட நூலாரைப் பற்றி நாம் இங்கு யாதும் கூறப் புகவில்லை. நமது வினா வேறு. இவ்வொன்பது மணிகளும் ஒன்பது கனியங்களா?

கனியவியல் கற்ற ஒருவரிடம் இவ்வினாவை விடுத்தால் அவர் தரும் விடை சிறிது வியப்பூட்டும். ஒன்பதனுள் இரண்டு கனியமே அல்ல என்பார். எஞ்சிய ஏழும், நம் நாட்டு வணிகர் வழக்கின்படி பார்த்தால், ஐந்து கனியங்களுள் அடங்கிவிடும் என்பார். ஒன்பது எவ்வாறு ஐந்தாயிற்று என்று விளங்க வேண்டுமாயின், கனியம் என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

கனி என்னும் வடசொல் சுரங்கத்தைக் குறிக்கும். அதிலிருந்து வந்ததே கனியம். தமிழகத்தார் கனிமம் என்பர். ஆங்கிலச் சொல்லும் சுரங்கம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றே பிறந்தது. எனவே, சுரங்கத்தில் அகழ்ந்தெடுப்பதெல்லாம் கனியம் என்று கொள்ளும் வழக்கம் எங்குமுண்டு. வகுப்பிலே மாணவரைக் கனியங்களுக்கு உதாரணம் கூறுமாறு கேட்டால், நிலக்கரி, பெற்றோலியம் என்ற விடைகள் தவறாமல் வரும். வணிகக் கணக்கிலே, அரசாங்க அறிக்கையிலே அவை 'கனிய வளம்' எனப்படுதலும் உண்மையே. ஆயினும், அறிவியலார் அவ்விரண்டையும் கனியமென ஏற்பதில்லை. போத்தல் நீரின்மேல் ஒட்டிய தாளிலும், சத்துமாப் பேணியிலும் காணப்படும் 'மினரல்' என்னும் சொல்லோ இன்னும் தூரத்து உறவு. அது உடலுக்கு வேண்டிய தாது உப்புக்களைக் குறிப்பது. ஒரு சொல்லை மூவர் மூன்று வகையாக ஆள்வதனாலேயே குழப்பம் விளைகின்றது.

சர்வதேசக் கனியவியற் சங்கம் என்றொரு சபை 1958இல் தோன்றியது. புதிய கனியங்களை ஆராய்ந்து, ஏற்கத்தக்கனவற்றை ஏற்று, பெயர்சூட்டலை ஒழுங்குபடுத்தும் குழுவொன்று அதன்கீழ் அடுத்த ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. எந்தக் கல்லையும் யாரும் தம் விருப்பப்படி புதுக் கனியமென்று கூறிவிட முடியாது. அக்குழுவின் வாக்கெடுப்பிற் தேறவேண்டும். இவ்வாறு தேறியனவும், அதற்கு முன்பிருந்தே ஏற்கப்பட்டனவுமாக இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கனியங்கள் பட்டியலில் உள்ளன. 1995இல் அச்சங்கத்தின் சார்பில் வெளியிடப்பட்ட வரைவிலக்கணத்தை நம் மொழியில் இவ்வாறு கூறலாம்: புவியியற் செயன்முறைகளால் உண்டானதும், இயல்பாகப் படிக அமைப்புடையதுமான ஒரு மூலகமோ ஒரு சேர்வையோ கனியமாகும்.

வாக்கியம் சிறியது. ஆயின் அதனுள் மூன்று வாயில்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு காவலன் நின்று சிலரை உள்ளே விடுகின்றான், சிலரைத் திருப்பி அனுப்புகின்றான்.

முதல் வாயில், புவியியற் செயன்முறை என்பது. இயற்கை தானே ஆக்கியதாக இருத்தல் வேண்டும். போத்தற் கண்ணாடி, உலைக்களத்து எஃகு, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட செயற்கை மாணிக்கம் ஆகியன இங்கேயே நின்றுவிடும். செயற்கை மாணிக்கம் அணுவுக்கு அணு இயற்கை மாணிக்கத்தை ஒத்திருக்கலாம். பிறப்பு வேறாதலால் அது கனியமாகாது. சீனியும் அப்படியே. கண்ணைப் பறிக்கும் படிகந்தான்; ஆனால் கரும்பு ஆக்கிய பொருளை மனிதன் பிரித்தெடுத்தான். உப்பின் நிலை சற்றுச் சுவையானது. கோடையில் களப்பு நீர் வற்ற, கரையில் தானாகவே பூக்கும் உப்பு ஐயமறக் கனியமே. வரம்பு கட்டி, பாத்தி வகுத்து, உவர்நீர் பாய்ச்சி விளைவித்த உப்பை அவ்வாறு கூறச் சிறிது தயங்க வேண்டியிருக்கின்றது. இரண்டையும் நாவில் வைத்தால் வேறுபாடு தெரியாது என்பது வேறு.

பனிக்கட்டியைக் கனியமென்று கூறின் நம் வீட்டுப் பெண்கள் நகைப்பர். ஆயினும் உண்மை அதுவே. இமயத்து உறைபனியும், தை மாதத்து அதிகாலையில் நுவரெலியாவின் புல்வெளிமீது வெண்மையாய்ப் படியும் உறைபனியும் கனியங்கள். குளிர்ப்பெட்டியில் நாம் ஆக்கும் கட்டி கனியமன்று. உருகிய நீரும் கனியமன்று. திண்மமாக இல்லாத பொருளைக் கனியமெனக் கொள்வதில்லை என்பது பொதுவிதி. இவ்விதிக்குப் பாதரசம் ஒரு விலக்கு. திரவமாயினும், வரைவிலக்கணம் வகுக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்னரே அது பட்டியலில் இடம்பிடித்துவிட்டது. பழைய குடியிருப்பாளரை எழுப்ப எவருக்கும் மனம் வரவில்லை போலும்.

முத்தும் பவளமும் இவ்வாயிலிலேதான் தடைப்படுகின்றன. முத்து, சிப்பியின் உடலில் உண்டாவது. பவளம், கடலில் வாழும் நுண்ணிய உயிர்கள் கூட்டாகக் கட்டிய கூடு. இரண்டிலும் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. அதே கல்சியம் காபனேற்று பாறையிற் கிடைத்தால் கல்சைற்று அல்லது அரகொனைற்று என்னும் கனியம். உயிரின் உடலில் இருக்கும்வரை அது கனியமன்று. இனி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லை நோக்குவோம். அதுவும் ஒருகாலத்திற் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து உண்டானதே. மயோசீன் எனப்படும் யுகத்தில் அது கடலடியிற் படிந்தது. படிந்தவை புதையுண்டு, அழுந்தி, நீரிற் கரைந்து மீண்டும் படிகமாகி இறுகின. இவ்வாறு பூமி தன் கைவரிசையைக் காட்டிய பின்னர் அவ்வோட்டுப் பொருளே கனியமாகிவிடுகின்றது. நம் கிணறுகளை வெட்டுவோர் உடைப்பதும், 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமேந்துத் தொழிற்சாலை அரைத்ததும் இக்கல்லையே.

இங்கே ஒரு சிறு விளக்கம் வேண்டும். கல் வேறு, கனியம் வேறு. எள்ளுருண்டையை உடைத்துப் பார்த்தால் எள்ளும் வெல்லமும் தனித்தனியே தெரிவதுபோல, அம்மியாகக் கொத்திய கருங்கல்லை உற்றுநோக்கின், கண்ணாடி போன்ற துணிக்கையும், வெண்மையோ இளஞ்சிவப்போ ஆன துணிக்கையும், கரிய துணிக்கையும் கலந்திருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் ஒரு கனியம். பல கனியங்கள் கூடியது பாறை. சுண்ணாம்புக் கல்லைப்போலப் பெரும்பாலும் ஒரே கனியத்தாலான பாறையும் உண்டு.

இரண்டாவது வாயில், ஒரு மூலகமோ ஒரு சேர்வையோ என்பது; அதாவது, இன்னதால் ஆனது என்று இரசாயனக் குறியீட்டில் எழுதக்கூடிய அமைப்பு. நிலக்கரியும் பெற்றோலியமும் இங்கே விழுகின்றன. அவை பல பொருள்களின் கலவை. ஓரிடத்தில் எடுத்தது போல் மற்றோரிடத்தில் எடுத்தது இராது.

ஆனால் அமைப்பு ஒன்று மாத்திரம் போதாது. இதற்குச் சான்றாக நம் மாணவரின் சட்டைப்பையிலேயே ஒரு பொருள் உண்டு. பென்சிலின் கரியைக் காரீயம் என்கிறோம். ஈயத்துக்கும் அதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. தாளிற் கரிய கோடு விழுவதைக் கண்டு ஐரோப்பியரும் அதை ஒருவகை ஈயமென்றே நெடுங்காலம் எண்ணினர். அது காபன் என்பதை சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீல 1779இல் நிறுவினார். கேகாலையை அடுத்த போகலச் சுரங்கத்திலும், கஹட்டகஹச் சுரங்கத்திலும் பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் தூய காரீயம் உலகத்தில் வேறெங்கும் இந்த அளவில் எளிதிற் கிடைப்பதில்லை. வைரமும் காபனே. ஒன்று பூமியிலே மிக வன்மையான கனியம்; மற்றது விரலில் ஒட்டும் மென்மையுடையது. ஒன்று ஒளி ஊடுருவுவது, மற்றது கரியது. ஒரே மூலகம், இரு கனியங்கள். வைரத்தில் ஒவ்வொரு காபன் அணுவும் சுற்றிலும் நான்கு அணுக்களுடன் இறுகப் பிணைந்து, எத்திசையிலும் அசையாத கட்டாக நிற்கின்றது. காரீயத்தில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு தாளுக்குள் பிணைப்பு வலிது, தாளுக்கும் தாளுக்கும் இடையே மெலிது. நாம் எழுதும்போது அத்தாள்களே வழுகிக் கொப்பியில் ஒட்டுகின்றன.

ஆகவே மூன்றாவது வாயில், படிக அமைப்பு. அணுக்கள் ஒழுங்குற அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது. இதை மனிதன் உணர்ந்த வரலாறு நெடியது. ஸ்டீனோ என்னும் தென்மார்க்கு அறிஞர் 1669இலேயே, படிகம் பெரிதாயினும் சிறிதாயினும் அதன் முகங்களுக்கிடையேயுள்ள கோணம் மாறுவதில்லை என்பதைக் கண்டார். பிரான்சு நாட்டுப் பாதிரியார் ஆவி, கல்சைற்றுப் படிகத்தை எத்தனை முறை உடைத்தாலும் ஒரே வடிவான சாய்சதுரத் துண்டுகளே விழுவதை ஆராய்ந்து, படிகத்தினுள்ளே ஒரே வடிவான நுண்ணிய கற்கள் அடுக்கப்பட்டிருத்தல் வேண்டுமென 1784இல் எழுதினார். ஊகம் பெரும்பாலும் சரியே. கண்ணாற் கண்டவர் எவருமில்லை. 1912இல் ஜேர்மனியரான லாவேயும் அவர் துணைவரும் ஒரு படிகத்தினூடாக எக்ஸ் கதிர்களைச் செலுத்தினர். ஒளிப்படத் தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. அடுத்த ஆண்டே பிறாக் என்னும் தந்தையும் மைந்தரும் உப்பின் அணுக்கள் நிற்கும் நிலையைக் கணக்கிட்டுக் காட்டினர். அன்று தொட்டு எக்ஸ் கதிர்ப் படம் கனியத்திற்குக் கைரேகை போலாயிற்று.

இனி நவமணிகளிடம் திரும்புவோம். மாணிக்கம் செந்நிறம், நீலம் நீலநிறம். இரண்டினதும் விலை வேறு, மதிப்பு வேறு, கோள் வேறு. ஆயின் இரண்டும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரே சேர்வை. அணுக்களின் அடுக்கும் ஒன்றே. சிறிதளவு குரோமியம் புகுந்தால் சிவப்பு. இரும்பும் தைற்றேனியமும் புகுந்தால் நீலம். இக்கனியத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம்முடைய குருந்தம் என்னும் சொல்லே. தமிழிலிருந்து சென்று உலக அறிவியல் நூல்களிலெல்லாம் ஏறிவிட்டது. நம் நாட்டு வணிகர் புட்பராகம் என்று விற்பதும் பெரும்பாலும் மஞ்சள் நிறக் குருந்தமே. மேலைநாட்டார் புட்பராகம் எனக் கொள்ளும் கனியம் வேறு. அவர் கணக்குப்படி பார்ப்பின் ஐந்து ஆறாகும். மரகதம் பெரில் என்னும் கனியம். பூனைக்கண் போல் ஒளிரும் வைடூரியம் கிரிசோபெரில். கோமேதகம் கார்னெற்றுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வைரத்தை முன்னரே கண்டோம். ஒன்பது ஐந்தாகிய கதை இதுவே.

நிறத்தைக் கண்டு பெயரிட்டதனால் மன்னரும் ஏமாந்துள்ளனர். பிரித்தானிய முடியில் முன்புறத்திற் பதித்திருக்கும் பெரிய செந்நிறக் கல், 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' எனப் பெயர் பெற்றது. அது மாணிக்கமன்று. மகனீசியமும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த ஸ்பினல் என்னும் வேறொரு கனியம். இவ்விரண்டும் வேறு வேறானவை என்பது 1783 அளவிலேயே கனிய நூலார்க்குத் தெளிவாயிற்று. முடியின் கல்லுக்குப் பழைய பெயரே இன்றும் நிலைக்கின்றது.

மன்னரை விடுத்து நம் வீடுகளுக்கு வருவோம். 'மாத்தறை வைரம்' என்றொன்று நெடுங்காலம் விற்கப்பட்டது. நிறமற்று, வைரத்தைப் போலவே தீப்பொறி சிந்தும் சிர்க்கன் கனியம் அது. மகளுக்கென வாங்கிவைத்த தோட்டை இடுக்கண் வந்த காலத்தில் விற்கக் கொண்டுசெல்லும் தாய்க்கு, அது வைரமன்று என்று கடைக்காரர் கூறும் சொல் இடிபோல் விழும். இதில் அறிவியல் அறிவு வெறும் பாடசாலைப் பாடமாக நில்லாது வீட்டுப் பொருளாகின்றது. உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்றிருந்தாற் போதும். பட்டை தீட்டிய சிர்க்கனின் மேன்முகத்தினூடாக அடிப்புறத்தை நோக்கின், அடியிலுள்ள விளிம்புக் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். ஒளி அதனுள் இரு கூறாகப் பிரிந்து செல்வதே காரணம். வைரத்தில் கோடுகள் ஒற்றையாகவே தெரியும். இதை இரட்டை முறிவு என்பர். வேறு போலிகளும் உண்டாதலால் இவ்வொரு சோதனையோடு நின்றுவிடல் ஆகாது. ஆயினும் மாத்தறை வைரத்தை அடையாளம் காண இதுவே எளிய வழி.

வைரமென நம்பியது சிர்க்கனாகும் கதைகள் பல. அறிஞரையும் நூதனசாலைகளையும் ஒருங்கே ஏமாற்றிய இலங்கைக் கல் ஒன்றுண்டு. அதன் கதை அவற்றிலும் சுவையானது. இரத்தினபுரிப் பகுதியில் வயலடியிலுள்ள சரளைப் படையைத் தோண்டியெடுத்து, கூடையில் இட்டு நீரில் அரித்துக் கற்களைப் பிரிப்பர். அப்படையைச் சிங்களத்தில் இல்லம என்பர். அதிலிருந்து தேன்நிறமும் கபிலநிறமும் கொண்ட கற்கள் சில கிடைத்து வந்தன. அவற்றைக் கபிலநிறப் பெரிடொற்று என்று கருதியே வணிகர் விற்றனர், செல்வர் வாங்கினர், நூதனசாலைகள் பெயரெழுதி வைத்தன. பெரிடொற்றின் இயல்பான நிறம் பச்சை. 'நிறத்தில் மாத்திரம் சிறிது மாறுபட்டது' என்று எண்ணி எவரும் கவலையுறவில்லை.

ஆயினும் இலண்டனில் இரத்தினக் கற்களைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தாருக்கு ஐயம் எழுந்தது. ஒரு பொருள் அதே கனவளவு நீரினும் எத்தனை மடங்கு பாரமானது என்பதைத் தன்னீர்ப்பு என்கிறோம். பெரிடொற்றின் தன்னீர்ப்பு 3.34 அளவில் நிற்கும். இக்கபிலக் கல்லோ 3.48 அளவில் நின்றது. ஒளி முறியும் அளவிலும் சிறு வேறுபாடு. பெரிடொற்றில் இரும்பு மிகுந்தால் பாரம் கூடும் என்று சமாதானம் கூறிக்கொள்ள இடமிருந்தது. எக்ஸ் கதிர்ப் படமும் பெரிடொற்றின் படத்தை ஒத்தே இருந்தது. ஆனால் முற்றும் ஒத்திருக்கவில்லை. இறுதியில் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த கிளாரிங்புல், ஹே என்னும் இருவர் இரசாயனப் பகுப்பாய்வு செய்து 1952இல் முடிவை வெளியிட்டனர். பெரிடொற்று ஒரு சிலிக்கேற்று. சிலிக்கன் இன்றி அது இல்லை. இக்கல்லிலோ சிலிக்கன் இடம்பெறவேயில்லை. அதன் ஆசனத்தில் போரன் அமர்ந்திருந்தது; மகனீசியத்தின் ஆசனங்களிற் பாதியில் அலுமினியம் அமர்ந்திருந்தது. ஆசன வரிசை மாத்திரம் மாறவில்லை.

வைரத்தையும் காரீயத்தையும் இங்கே மீண்டும் நினைவுகூர்தல் நன்று. அங்கே பொருள் ஒன்று, அடுக்கு இரண்டு. இங்கே அடுக்கு ஒன்று, பொருள் இரண்டு. வரைவிலக்கணம் அமைப்பு, அடுக்கு என்னும் இரண்டையும் ஏன் ஒருங்கே கேட்கின்றது என்று வினவும் மாணவர்க்கு இவ்விரு சோடிகளையும் காட்டினாற் போதும். நம் தீவின் பண்டைப் பெயரை ஒட்டி இப்புதிய கனியத்திற்குச் சிங்களைற்று எனப் பெயரிட்டனர். பெரிடொற்றினும் அரியது அது என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆகவே இம்முறை, தவறான பெயரில் வாங்கியவர்கள் நட்டமடையவில்லை.

இதற்கு முன் 1945இல், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் தாபே என்பவர் பழைய கற்கள் சிலவற்றை வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஊதா நிறமான ஒன்று எல்லா வகையிலும் ஸ்பினலை ஒத்திருந்தது. ஆனால் அதனுள்ளே கோடுகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினல் அவ்வாறு காட்டாது. மாத்தறை வைரத்திற்கு நாம் கூறிய அதே சோதனைதான். பெரிலியமும் மகனீசியமும் ஒருங்கே கொண்ட புதிய கனியமென அது 1951இல் அறிவிக்கப்பட்டது. தாபைற்று என்னும் பெயர் அவர் நினைவாக இடப்பட்டது. பட்டை தீட்டிய மணியாகவே முதன்முதற் கண்டறியப்பட்ட கனியம் அது ஒன்றே என்பர். அக்கற்கள் இலங்கைச் சரளையிற் கிடைப்பவை என்பது பின்னர் தெளிவாயிற்று. எத்தனையோ கைகளைக் கடந்து போன கல்லை உற்றுநோக்கியவர் ஒருவரே.

நம்மவருள் உற்றுநோக்கியவர் இல்லையா என்று கேட்கலாம். உளர், ஆனால் அவரை நாம் வேறு காரணத்துக்காகவே நினைவில் வைத்துள்ளோம். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் நடராசர் திருவுருவமும் இந்தியச் சிற்பமுமே நம் மனத்தில் எழுகின்றன. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராக 1877இற் கொழும்பிற் பிறந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகத்திற் பயின்றது புவியியலும் தாவரவியலும். இலங்கையின் கனியங்களை முறையாக ஆராய 1903இல் தொடங்கப்பட்ட கனிய அளவைத் துறைக்கு முதற் பணிப்பாளர் அவரே. கண்டிப் பகுதியில் அம்பகோட்டைக்கு அருகே கங்காபிட்டியவிற் கிடைத்த நீலநிறக் கனியமொன்றைப் பிறையர் என்னும் அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்து, அராபியர் நம் தீவுக்கு இட்ட செரண்டிப் என்னும் பெயரால் செரண்டிபைற்று என 1903இல் உலகுக்கு அறிவித்தார்.

அடுத்த ஆண்டு பலாங்கொடைப் பகுதியின் மணிச்சரளையில் கரிய சிறு சதுரக் கட்டிகள் அவர் கவனத்தை ஈர்த்தன. மாணிக்கம் தேடுவோர்க்கு அவை பயனற்றவை. பாரமோ இரும்பினும் மிகுதி. யுரேனியக் கனியமாகிய யுரேனினைற்று என்றே குமாரசுவாமி முதலில் அவற்றை விவரித்தார். இலண்டனில் பேராசிரியர் டன்ஸ்ரன் பகுத்தாராய்ந்தபோது, யுரேனியத்தினும் தோரியமே பன்மடங்கு மிகுந்திருந்தமை தெரிந்தது. தோரியனைற்று எனப் புதுப்பெயர் பெற்றது. ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டு ஆறாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கதிர்வீசும் பொருளென்றால் மேலைநாட்டார் பறந்து வந்து வாங்குவர். தோரியத்திற்கு வேறொரு தேவையும் இருந்தது. நம் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இரவைப் பகலாக்கிய பெற்றோமாக்ஸ் விளக்கின் வலைத்திரி, தோரிய ஒட்சைட்டினாலேயே அவ்வெள்ளொளியைத் தந்தது. பின்னர் குமாரசுவாமி கலையாராய்ச்சியில் முழுதும் ஈடுபட்டுப் புவியியலை விட்டு நீங்கினார். கலைக்கு அது பேறு. கனியவியலுக்கு இழப்பென்று நாம் சொன்னால் அவர் அன்பர் நம்மோடு மல்லுக்கு வருவர். ஆயினும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தோரியமும் யுரேனியமும் கொண்ட கற்கள்தாம் வரைவிலக்கணத்தையே ஆட்டங்காணச் செய்தவை. 1953இல் ஏகநாயக்க என்னும் இலங்கையர், எகலியகொடைப் பகுதியின் மணிச்சரளையில் பச்சை நிறக் கல்லொன்றைக் கண்டெடுத்தார். பார்வைக்குப் பச்சைச் சிர்க்கன் போலிருந்த அது, கல்சியமும் தோரியமும் சேர்ந்த ஒரு சிலிக்கேற்று என ஆய்வில் வெளிப்பட்டது. 1961இல் அவர் பெயரால் எக்கனைற்று என்று அழைக்கப்பட்டது. ஆனால் எக்ஸ் கதிர்கள் அக்கல்லினூடாகச் சென்றபோது ஒழுங்கான புள்ளிகள் தோன்றவில்லை. அணுக்கள் ஒழுங்கிழந்து, கண்ணாடியிற் போலத் தாறுமாறாகக் கிடந்தன. இயற்கையிற் பிறந்தது, அமைப்பும் திட்டமானது. அடுக்கு மாத்திரம் இல்லை. மூன்றாவது வாயிலின் காவலன் என்செய்வான்?

நிகழ்ந்தது இதுவே. கல் பிறந்தபோது அணுக்கள் ஒழுங்காகவே நின்றன. அதனுள்ளிருந்த தோரிய அணுக்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து, சிதையுந்தோறும் ஆற்றல்மிக்க துணிக்கைகளை வீசின. ஒவ்வொரு வீச்சும் அயலிலிருந்த அணுக்களைத் தம் நிலையினின்று தள்ளியது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு உள்ளிருந்தே அடிபட்டு, முழுக் கட்டடமும் குலைந்தது. வெளியே விரிசலில்லை, பளபளப்புக் குன்றவில்லை. நம் நாட்டுப் பச்சைச் சிர்க்கன்களுள்ளும் இவ்வாறு பாதியோ முழுதோ குலைந்தவை உண்டு. நல்ல சிர்க்கனின் தன்னீர்ப்பு 4.7 அளவினது, குலைந்ததோ 4 வரையில் இறங்கிவிடும். அணுக்கள் ஒழுங்கிழந்து அகன்று நிற்க, அதே பொருள் கூடிய இடத்தைப் பிடிப்பதே காரணம். இத்தகைய கற்களைப் பற்றிய உலக ஆராய்ச்சிகளுள் பல இலங்கைச் சிர்க்கன்களைக் கொண்டே செய்யப்பட்டன.

எக்கனைற்றைச் சூடாக்கி ஆறவிட்டால் அணுக்கள் மீண்டும் அணிவகுப்பதை ஆய்வாளர் கண்டனர். கனடாவின் யூக்கோன் பகுதியில் ஒழுங்கு குலையாத எக்கனைற்றும் பின்னாளிற் கிடைத்தது. எனவே 1995ஆம் ஆண்டு வரைவிலக்கணத்தை வகுத்தோர் 'இயல்பாகப் படிக அமைப்புடைய' என்று எழுதினர். இயல்பாக என்னும் அச்சொல் வீணாக வந்ததன்று. தொடக்கத்தில் அதே அமைப்புடைய படிகமாக இருந்து, கதிர்வீச்சினால் ஒழுங்கிழந்தமை தக்கவாறு நிறுவப்படுமாயின், அப்பொருளையும் கனியமென ஏற்கலாம் என்று விளக்கமும் தந்தனர். ஆகவே எகலியகொடையின் பச்சைக் கல் பட்டியலில் நிலைத்துவிட்டது.

எக்கனைற்று இன்றும் அருமையாகச் சரளையிற் கிடைப்பதுண்டு. பட்டை தீட்டினால் கரும்பச்சையாய், கண்ணுக்கு இனிதாய் இருக்கும். கதிர்வீச்சு உடையதாதலால் மோதிரத்திற் பதித்து அணிதல் தகாது. வைத்திருப்போர் பேழையில் தனியே இட்டு வைப்பர்.